ஞாயிறு காலைக்கு ஒரு டூர்

ராசா,

இருந்து வாசி. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாசிக்கிற கடிதம் இல்லை இது. உறையை ஒட்டாமல் அனுப்பலாம் என்றால் அப்படியே அனுப்பியிருப்பேன். உன் மாதிரிப் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள், வழியில் யார் எடுத்து வாசித்தாலும் எனக்கு நட்டமில்லை. போன மாதம் நீ லண்டனிலிருந்து தொலைபேசியில் எனக்கு ஒரு வேலை தந்தாய். "அம்மா, மார்சியாவுக்குப் பலேர்மோவிலை கறுப்பு ஆக்களின்ரை வரலாறு பாக்கோணுமாம். நல்ல டூர் ஏதும் இருக்கோ எண்டு விசாரிச்சு வையுங்கோ" என்றாய். கட்டப்போகிறவளின் விருப்பத்தைக் கேட்டு நடக்கிறான், நல்ல பிள்ளை என்று நான் மனம் குளிர்வதற்குள், "ஞாயிற்றுக்கிழமை காலமை இருந்தா நல்லம். கொஞ்சம் நீளமான டூரா" என்றாய். "ஞாயிறு காலமை தமிழ்ப் பூசையெல்லோ தம்பி?" என்று கேட்டேன். "அதுதானம்மா" என்றாய். பிறகு கொஞ்சம் நின்றாய். பிறகு, "ஒருக்கா விட்டா என்ன?" என்றாய். நீ நின்ற அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரார் வீடுகளைக் கூட்டித் துடைத்து வயிறு கழுவுகிறவள் நான். யார் எதை எந்தக் கட்டிலுக்குக் கீழே தள்ளி ஒளிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போகாது.

மார்சியாவை நீ ஒளிக்கப் பார்க்கிறாய். பலேர்மோவுக்குக் கூட்டி வருவாயாம், மொண்டெல்லோக் கடற்கரையில் நடத்திக் காட்டுவாயாம், அப்பா வேலை செய்கிற ஸ்ஃபெர்ராகவால்லோச் சாப்பாட்டுக் கடையில் கணவாய் பொரித்துக் கொடுப்பாயாம். ஆனால் பலேர்மோத் தமிழ்க் கத்தோலிக்கச் சனம் முழுவதும் கோயிலில் கூடுகிற அந்த ஒரு காலையில் மட்டும் அவள் ஏதாவது டூரில் இருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் வயிற்றில் பிறப்பான் என்று நினைக்கவில்லை. அதுவும், தன் ஆட்களின் வரலாற்றைப் பார்க்க ஆசைப்படுகிறாள் ஒருத்தி, அந்த ஆசையையே எடுத்து அவளை மூடுகிற துணியாக்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்த மாதம் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ முதன்முதலில் அவளைப் பற்றிச் சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன் என்று பொய் எழுதமாட்டேன். மன்னாரில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தேன், உனக்கும் தெரியும். ஆனால் நான் முகத்தைத் தூக்கினால் உன் முன்னால் தூக்கினேன், முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகு அவளே தொலைபேசி எடுத்து, மீன் குழம்புக்குப் பழப்புளி எப்போது விட வேண்டும் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள், புளி விடுகிற நேரத்தைக்கூட எழுதி எடுத்தாள். எந்த நகரத்துக்குப் போனாலும் தன் ஆட்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று பாராமல் வரமாட்டேன் என்று அவள் அன்றைக்கு என்னிடமும் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே நீ தந்த வேலையை நான் செய்தேன், உனக்காக இல்லை. வியாழன் பின்னேரம் நான் வேலை செய்கிற சின்யோரா வீட்டில் எனக்கு லீவு. முதல் வியாழன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பயணக் கந்தோரில் விசாரித்து, பழைய நகரத்தை நடந்து காட்டுகிற டூரில் சேர்ந்தேன். கைட் ஒரு பெடியன். மழையும் இல்லை வெயிலும் இல்லை, கையில் குடை. கறுப்பு ஆட்களின் வரலாறு ஏதும் வருமா என்று கேட்டேன். "வரும் சின்யோரா, அதுதான் எங்கள் சிறப்பு" என்றான். கால்சாப் பகுதியில் மட்பாண்டம் விற்கிற ஒரு கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் தலைகள். கறுத்த ஆணின் தலை, முடி வைத்து, வாய் சிவந்து, உச்சி திறந்த பூந்தொட்டி. மோரோவின் தலையாம், மோரோ என்றால் இவர்கள் பேச்சில் கறுத்த ஆள். ஒரு மோரோ இந்தத் தெருவில் இருந்த ஒரு பெண்ணைக் காதலித்தானாம், ஊரில் அவனுக்குப் பெண்சாதி பிள்ளை இருப்பது தெரிந்ததும் இவள் அவனுடைய தலையை வெட்டி, மண் போட்டுத் துளசி நட்டாளாம். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு ஜெர்மன்காரி தன் புருஷனின் கழுத்தில் கையால் வெட்டிக் காட்டினாள், அதற்கும் சிரித்தார்கள். "இவ்வளவுதானா கறுப்பு ஆட்களின் வரலாறு?" என்று கேட்டேன். "உள்ளே சிறிய தலைகளும் இருக்கின்றன சின்யோரா, கொண்டுபோக லேசு" என்றான் குடைக்காரன். ஆள் கொலையுண்டது கதை, கொன்றவள் கதாநாயகி, செத்தவன் பூந்தொட்டி. இதற்குப் போக வேண்டாம். கலியாணப் பரிசாக யாராவது அந்தத் தலையை உங்களுக்குத் தந்தால், தந்தவர் வீட்டுப் படியிலேயே போட்டு உடைத்துவிட்டு வா.

அடுத்ததைச் சின்யோராவே பிடித்துத் தந்தாள். அவளுடைய சிநேகிதி ஒரு தொத்தோரெஸ்ஸா, பெரிய படிப்பு, முத்துமாலை, பழைய கோயில்களையும் அரண்மனையையும் படித்த ஆட்களுக்கு மட்டும் காட்டுகிறவள். அவளுடைய டூரில் எனக்கும் இடம் கிடைத்தது, சின்யோராவின் மடிக்கதிரையைக் காவுகிற உரிமையோடு. அரபுக்காரர் போட்ட தோட்டம், அரபுக்காரர் கொண்டுவந்த தோடம்பழம், அரபுக்காரர் வெட்டிய வாய்க்கால் என்று ஒரு மணிநேரம் வாய் ஓயவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்து இங்கே விற்ற ஆட்கள் எங்கே இருந்தார்கள், அவர்களின் இடம் ஏதும் காட்ட முடியுமா என்று கேட்டேன். கதிரை எழும்பிக் கதைத்ததுபோலத் திரும்பிப் பார்த்தாள். "சிசிலியாவில் எல்லாரும் சேர்ந்து வாழ்ந்தோம், காரா. அடிமை, கறுப்பு, வெள்ளை என்பதெல்லாம் அமெரிக்காக்காரரின் பிரச்சினை" என்றாள். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டாள். கேட்டதற்கு மறுமொழி தரப்போகிறாளாக்கும் என்று நினைத்தேன். தன் தாயைக் குளிப்பாட்டி விட உன் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா, வீட்டிலேயே தங்க வேண்டும், இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோப் பத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். சேர்ந்து வாழ்கிற லட்சணம் அது. இதற்கும் போக வேண்டாம். மார்சியா அந்தக் கேள்வியை என்னிலும் நன்றாகக் கேட்பாள், இந்த மனுஷி அவளிடமும் வேலைக்காரி கேட்பாள்.

மூன்றாவது, பல்லாரோச் சந்தையில் பெடியன்களும் பெட்டையளுமாக நடத்துகிற புதுமாதிரி டூர். பேரே "இன்றைய ஆப்பிரிக்கா". இவர்கள் நல்லவர்களாம். நல்லவர்கள் என்று தங்கள் துண்டுப் பிரசுரத்திலேயே எழுதியிருந்தார்கள். நான் நேரம் பிந்திவிட்டேன், எப்படியும் சந்தைக்குள் பிடித்துவிடலாம் என்று வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு நின்றேன். கூட்டம் வந்தது. என்னைக் கடந்து போகவில்லை, எனக்கு முன்னாலேயே நின்றது. ஒரு பெட்டை தாழ்ந்த குரலில் என்னைக் காட்டி ஏதோ விளங்கப்படுத்த, ஒருவன் கமராவைத் தூக்கிப் படம் எடுத்தான். மன்னாரில் பிறந்து, மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பலேர்மோவில் ஒரு றாத்தல் வெண்டிக்காயோடு நின்றதால் நான் ஆப்பிரிக்கா ஆகிவிட்டேன். "நானும் உங்கள் டூரில் ஆள்தான், காசு கட்டித் துண்டு எடுத்திருக்கிறேன்" என்று இத்தாலியனில் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார்கள், மன்னிப்புக் கேட்கிறதிலும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பிறகு கானாவிலிருந்து வந்த எஸ்தர் என்பவளின் தலைமுடிக் கடைக்கு முன்னால் போய், அவள் ஒருத்திக்குப் பின்னல் போடுவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். எஸ்தர் சீப்போடு வெளியே வந்து எல்லாரையும் விரட்டிவிட்டு என்னை மட்டும் உள்ளே இழுத்து இருத்தினாள். "இதுகளோடு உனக்கு என்ன வேலை?" என்றாள். மருமகளாக வரப்போகிறவளுக்காகத் தேடுகிறேன் என்றேன். கேட்டுச் சிரித்தாள். "எங்களை விற்ற கதையைக் கேட்க நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? கறுத்த ஆளைப் பார்க்கத்தானே? மலையடியில் ஒரு மடம் இருக்கிறது, அதற்குள் ஒருவர் இருக்கிறார், புனிதராம். எங்கள் கோயில் ஆட்கள் ஒருமுறை போனார்கள். நான் போகவில்லை, பஸ் வராது" என்றாள்.

அன்றைக்குச் சந்தையிலிருந்து நடந்து வரும்போது உன் நினைவுதான் வந்தது. நீ இங்கே வந்து பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில், வகுப்புப் பெடியன்கள் உன்னை "நீவுரு, நீவுரு" என்று கத்துவார்கள், சிசிலிக்காரர் கறுப்புக்குச் சொல்கிற சொல். நீ குளியலறையைப் பூட்டிக்கொண்டு பாத்திரம் மினுக்குகிற தும்பால் முகத்தைத் தேய்த்தாய். கன்னம் கண்டிப்போய் வந்து நின்றாய். நான் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன், அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் தலைமை வாத்தியாரோடு சண்டை பிடித்தார். அந்தத் தும்பு எப்படி எரிந்தது என்று தெரிந்த பிள்ளை, இன்னொருத்தியின் முகத்தை ஒளிக்க மாட்டான் என்றுதான் நான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அடி வாங்கினவன் அடிக்க மாட்டான் என்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனமான நம்பிக்கை என்பதை நீ எனக்குப் படிப்பித்துவிட்டாய்.

அடுத்த வியாழன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு மலையடிக்குப் போனேன். எஸ்தர் சொன்னது சரி, பஸ் பாதிவழியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. ஏறி நடந்தோம். அப்பா வழி முழுக்க முணுமுணுத்தார். மடத்தில் டூரும் இல்லை, கைட்டும் இல்லை. வயதான ஒரு துறவி கதவைத் திறந்து, சாத்தப் போகிறேன், கெதியாகப் பாருங்கள் என்றார். கோயிலுக்குள் ஒரு கண்ணாடிப் பேழை, அதற்குள் எஸ்தர் சொன்ன அந்தப் புனிதருடைய உடல். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளுக்குப் பிறந்தவர். இந்த மடத்துக் குசினியில் சமைத்தவர். எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் படித்தவர்களும் பிரபுக்களும் புத்தி கேட்க இந்த மலைக்கு ஏறி வந்தார்களாம். இந்த நகரத்தின் காவலர்களில் ஒருவராக அவரையும் வைத்திருக்கிறார்களாம். இதெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளில் இருந்தது. ஒரு நகரத்தின் காவலர், கறுத்தவர், அடிமையின் மகன். குடைக்காரனும் சொல்லவில்லை, முத்துமாலையும் சொல்லவில்லை, நல்ல பெடியன்களும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துறவியோடேயே சண்டை பிடித்திருப்பேன். அப்பாதான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சை பாரும்" என்றார். பக்கப் பீடத்தில் புனிதரின் சுரூபம் இருந்தது. பிரான்சிஸ்கு சபை அங்கி, கறுத்த முகம், கையில் குழந்தை யேசு. "அந்தக் கையைப் பாரும். பிள்ளையைத் தாங்கிற கை. விரல் மடிஞ்சிருக்கிறதைப் பாரும். உது நான் பெயின்ட் அடிச்ச கையெல்லோ?"

நீ லண்டனுக்குப் போன பிறகு நடந்தது இது, அதனால் உனக்குச் சொல்ல வேண்டும். நமக்குத் தமிழ்ப் பூசை வைக்க விடுகிற கோயிலில், பழைய சாமான் அறைக்குள் கிடந்த ஒரு சுரூபத்தைப் பங்குச் சுவாமி நம் ஆட்களுக்குத் தந்தார். யார் என்று அவர் சொல்லவில்லை, நம் ஆட்கள் கேட்கவும் இல்லை. துறவி அங்கி, கையில் குழந்தை. மன்னார்ச் சனத்துக்கு வேறு யார் ஞாபகம் வரும்? அந்தோனியார்! முகம் ஏன் கறுப்பு? மெழுகுதிரிப் புகை. கையில் லீலிப்பூ எங்கே? உடைந்துபோயிருக்கும். சங்கத் தலைவர் கூட்டம் வைத்துத் தீர்மானித்தார். பூசை முடிந்தும் ஒலிவாங்கியை விடாததால் சனம் அவரை மைக் அண்ணர் என்று கூப்பிடும். அந்தோனியாரைப் பழையபடி அழகாக்க வேண்டும் என்று அவர் சொல்ல, ஊரில் வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்தவர், இங்கேயும் லீவு நாளில் ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்காரரின் வள்ளங்களுக்கு அடிக்கிறவர் என்று உன் அப்பாவிடம் வேலையைத் தந்தார்கள். வள்ளத்து வெள்ளையில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து, ரோஸ் நிறமாய் முகம், கை, கால் எல்லாம் அடித்தார் அப்பா. மைக் அண்ணர் ஒரு பிளாஸ்டிக் லீலியை வாங்கிக் கம்பியால் கட்டினார். பங்குச் சுவாமி வந்து பார்த்துவிட்டு "பெல்லோ" என்றார், அழகாம், இவர்கள் எதற்குத்தான் அதைச் சொல்லமாட்டார்கள்! அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் நவநாள், நேர்த்தி, மெழுகுதிரி. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ இழுபட்டால் அவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர். நாங்கள் எல்லாரும் ஒரு கறுத்த மனிதருக்கு வெள்ளை அடித்துவிட்டு, அவர் காலிலேயே விழுந்துகொண்டிருந்தோம்.

இறங்கி வரும் வழியில் அப்பா முணுமுணுக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில், "புகைதான் எண்டு நினைச்சன். தேய்ச்சுப் பாத்தனான், போகேல்லை. அப்பவே யோசிச்சிருக்கோணும்" என்றார். "போகாத கறுப்புக்கு மேலைதான் எங்கடை சனம் அடிக்குமே" என்றேன்.

நான் அன்றைக்கே மைக் அண்ணரிடம் போனேன். கேட்டுவிட்டு முதலில் வாசல் கதவைச் சாத்தினார். "அக்கா, உதைச் சனத்துக்குச் சொல்லிக் குழப்பாதேங்கோ. அவையள் அந்தோனியார் எண்டு நம்பிக் கும்பிடுகினம். நம்பிக்கைதானே பெரிசு" என்றார். "நம்பிக்கை பெரிசெண்டால் கறுப்பா இருந்தாலும் கும்பிடலாம்தானே?" என்றேன். அவருடைய மனுஷி குசினிக்குள் இருந்து, "காப்பிலிச் சாமியாரையோ?" என்றாள். கறுத்த ஆட்களை இழிக்கிற அந்தச் சொல்லை நம் சனம் எவ்வளவு லேசாகச் சொல்கிறது, உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி. வேறு யாராவது நம்மை ஒரு சொல் சொன்னால் மட்டும் மாநாடு கூட்டுவார்கள். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். மன்னாரில் பெருக்குமரம் நிற்கிறதே, ஆப்பிரிக்காவிலிருந்து அரபுக்காரர் கொண்டுவந்தது என்று பெருமையாகச் சொல்லி, அதற்குக் கீழே நின்று கலியாணப் படம் எடுக்கிறார்கள். இந்த மனுஷியின் கலியாணப் படமும் அதற்குக் கீழேதான் எடுத்தது, சுவரில் தொங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வரலாம், ஆள் வரக்கூடாது. இதை அவளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன், தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த லீவு நாள், அப்பா தானாகவே பழைய துணிகளையும் பெயின்ட் கழுவுகிற எண்ணெயையும் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நானும் பின்னால் போனேன். கோயிலில் யாரும் இல்லாத மத்தியானம். முதலில் கம்பியை அவிழ்த்து அந்தப் பிளாஸ்டிக் லீலியை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு ஒரு கதிரையில் ஏறி நின்று நெற்றியில் தொடங்கினார். வள்ளத்தைச் சுரண்டுகிற மனிதர் இவ்வளவு மெதுவாகத் துடைப்பார் என்று எனக்குத் தெரியாது. கண்ணருகில் வந்ததும் தீப்பெட்டிக் குச்சியில் துணி சுற்றி எடுத்தார். "கண் வெள்ளையையும் நான்தான் கெடுத்துப்போட்டன்" என்று தனக்குள்ளேயே சொன்னார். ரோஸ் நிறம் துணியில் வர வர, அடியில் அந்த முகம் வந்தது. வடிவான முகம், ராசா. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா இறங்கிக் கும்பிட்டுவிட்டு, "பிழை பொறுக்கோணும்" என்றார். மனுஷருக்கு முன்னால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை சனம் வந்து திகைத்து நின்றது. ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, அப்ப என்ரை நேர்த்தி ஆருக்குப் போச்சுது?" என்று கேட்டாள். "பெர்மெஸ்ஸோ கிடைச்சதெல்லோ? எடுத்துத் தந்தவருக்குத்தான் போச்சுது" என்றேன். சிலர் மெழுகுதிரியைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போனார்கள், சிலர் ஏற்றினார்கள். அதற்குள் மைக் அண்ணர் காற்றடிக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, நம் சங்கத்தின் அயராத முயற்சியால் இந்த நகரத்தின் அரிய கறுப்புப் புனிதரை நாம் கண்டெடுத்திருக்கிறோம் என்று அறிவித்தார். சனம் கை தட்டியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அப்படி அறிவித்த அதே மைக் அண்ணர் வாசலில் வைத்து அப்பாவின் தோளில் கை போட்டு, "மச்சான், உங்கடை பெடியன் முடிக்கிறது கறுப்பியாம், மெய்யோ? பேசித் திருத்தேலாதோ?" என்று கேட்டார். அப்பா தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டார். "மெய்தான். திருத்த வெளிக்கிட்டு ஒருக்காப் பட்டது காணும்" என்றார்.

இப்போது நான் உனக்குச் சொல்கிற புத்தி ஒன்றே ஒன்று. கலியாணம் கட்டுகிறவர்களுக்கு ஊர் ஆயிரம் புத்தி சொல்லும், பொறுமையாக இரு, விட்டுக்கொடு, செலவைப் பார்த்துச் செய் என்று. அதெல்லாம் நீயே பட்டுத் தெரிந்துகொள்வாய். நீ சனத்துக்குப் பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். நம்மைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இந்தச் சனம்தான், செத்தால் காவவும் இந்தச் சனம்தான் என்று நினைக்கிறாய். ஆனால் நீ பயப்படுகிற சனம் இதுதான், நான் மேலே எழுதியிருக்கிற இந்தச் சனம். நேற்று ரோஸ் நிறம் அடித்தது, இன்றைக்குக் கறுப்புக்குக் கை தட்டுகிறது, நாளைக்கு என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. இவர்களுக்காக ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை ஒளித்தால், திங்கட்கிழமையும் ஒளிக்க வேண்டி வரும், பிறகு பிள்ளைகளையும் ஒளிக்க வேண்டி வரும். அவள் எத்தனை நாளைக்கு ஒளிந்திருப்பாள் என்று நினைக்கிறாய்? படித்த பெண், தன் கையில் உழைப்பு இருக்கிறது, ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள். நான் அவள் பக்கம் நிற்பேன்.

நேற்று உன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய், அவள்தான் எடுத்தாள். பூந்தொட்டித் தலையையும் முத்துமாலையையும் வெண்டிக்காயோடு நான் ஆப்பிரிக்கா ஆனதையும் என் மடத்துப் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மலையடி மடத்தைச் சொன்னேன், சனிக்கிழமை நானே கூட்டிப் போகிறேன், பஸ்ஸை நம்பாமல் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா என்றேன். அப்பாவின் பெயின்டைச் சொன்னபோது சிரிக்கவில்லை, முழுவதையும் கேட்டாள். "ஞாயிறு என்ன பார்க்கலாம், ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஞாயிறு நம் சனம் எல்லாம் வருகிற பூசை இருக்கிறது, அந்தச் சுரூபமும் அங்கேதான் இருக்கிறது என்றேன். "அவர் ஞாயிறு காலை டூர் என்றாரே?" என்றாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ராசா, உன்னைக் காட்டிக் கொடுக்கவும் வரவில்லை. அவள் கெட்டிக்காரி, நான் சொல்லாமல் விட்டதை எடுத்துக்கொண்டாள். பிறகு, கோயிலுக்குச் சீலை உடுத்துவதா, சட்டை போடலாமா என்று கேட்டாள். சட்டை காணும் என்றேன். "நான் வருகிறேன், ஆன்ட்டி. அவர் வருவாரா என்பதை அவரிடமே கேளுங்கள்" என்றாள்.

அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வாறியோ?

அம்மா